சொந்த அனுபவம்

பூங்கொடி பணம் கேட்டது கப்பல்களைப் பற்றி எழுதுவதற்கு. கொடுத்தவர்கள் சுனாமியைப் பற்றி எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கப்பல் என்றால் இப்போதையது இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் காரைக்கால் கரையிலிருந்து பாய்மரக் கப்பல்களில் கூலியாட்களை ஏற்றி ரெயூனியன் தீவுக் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள் பிரெஞ்சுக்காரர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் விளைச்சல் பொய்த்தபோதெல்லாம் வயல்வேலைக்காரர்கள் கூட்டமாக நடந்து வந்தார்கள். தரகர்கள் ஆசை காட்டிக் கூட்டிவந்தவர்களும் உண்டு. அப்படிப் போனவர்களில் தனியாகக் கப்பலேறிய பெண்கள் யார், எதை விட்டு ஓடினார்கள் என்பதுதான் பூங்கொடியின் ஆராய்ச்சி. புதுச்சேரியில் கிடைத்த காகிதங்களை எல்லாம் படித்து முடித்துவிட்டாள். மிச்சம் பிரான்ஸில் ஓர் ஆவணக் காப்பகத்தில் இருந்தது. அதைப் படிப்பதற்காகவே பல்கலைக்கழகத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சும் கற்றிருந்தாள்.

அவள் காரைக்காலில் அரசலாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே மீனவர் தெருவில் பிறந்தவள். அப்பா மணிவேல் அடுத்தவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். தம்பி கவியரசன் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு அதே படகில் ஏறினான். அம்மா அஞ்சுகம் கரையில் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து தருமபுரம் பக்கம் விற்பாள். மகள் வரலாறு படிக்கப் போகிறாள் என்றபோது, அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று தெருவில் ஒருத்தி கேட்டாள். "ஒன் ஊட்டு அடுப்புலயா ஒல கொதிக்குது?" என்று அஞ்சுகம் திருப்பிக் கேட்டாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்த அஞ்சுகம், இரண்டாயிரத்து நாலு டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடையோடு கரையில் படகுக்குக் காத்திருந்தபோது கடல் ஏறி வந்தது.

அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் பூங்கொடி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். இளம் வரலாற்று ஆய்வாளர்களுக்கென்று எங்கெங்கே பணம் இருக்கிறதோ அங்கெல்லாம் எழுதிப்போட்டாள். நல்ல தலைப்பு, வேறு இடத்தில் முயற்சி செய்யவும் என்றே எல்லாப் பதிலும் வந்தது. அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் செல்லையன் காரைக்காலுக்குப் பக்கத்து நெரவியில் குத்தகைக்கு உழுத வீட்டுப் பிள்ளை. மாணவர்களிடம் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். ஒருநாள் துறை வாசலில் நிறுத்திச் சொன்னார்.

"கப்பல அப்பறம் பாத்துக்கலாம்மா. கடல் வந்து இன்னும் ரெண்டு வருஷம்கூட ஆகல. இப்பதான் இதுக்குப் பணம் வருது. கொஞ்ச நாள் போனா இதுக்கும் வராது."

"எனக்கு அதுல விருப்பம் இல்ல சார்."

"யாருக்கு விருப்பம்? நான் ஆசப்பட்டது சோழர் காலம். எழுதுனது ஜமாபந்திக் கணக்கு."

அவர் கொடுத்த அறிவிப்பை விடுதி அறையில் வைத்துப் படித்தாள். வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஓர் அறக்கட்டளை. சுனாமி தாக்கிய கரைகளின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய இளம் ஆய்வாளர்கள் தேவை. கடைசிப் பத்தியில், இறுதி அறிக்கை ஏற்கப்பட்டவர்கள் தங்கள் விருப்பப்படி வெளிநாட்டுக் காப்பகம் ஒன்றில் ஒரு மாதம் தங்கிப் படிக்கச் செலவு தரப்படும் என்று இருந்தது. அந்தப் பத்தியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். தெருக்காரர்களிடம் பேசி எழுதிக் கொடுத்துவிட்டால் கப்பல் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

நேர்முகத் தேர்வு புதுச்சேரியில் நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவள் ஓரேலி என்ற பிரெஞ்சுக்காரி, திட்டத்தின் பொறுப்பாளர். மெதுவாகப் பேசுகிறவள். பூங்கொடி ஆராய்ச்சி முறைகளைப் பற்றித் தயார் செய்துகொண்டு போனதை எல்லாம் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது ஓரேலி, உங்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்று கேட்டாள். அம்மா என்றாள் பூங்கொடி. கடிகாரம் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓரேலி தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினாள். அதற்குப் பிறகு அவர்கள் எதையும் கேட்கவில்லை. அந்த நொடியிலேயே கிடைத்துவிட்டது என்று பூங்கொடிக்குத் தெரிந்துபோனது. சந்தோஷம் வந்தது. வெளியே வந்து பேருந்தில் உட்கார்ந்த பிறகும் அது போகாமல் இருந்ததுதான் அவளுக்குக் கூசியது.

வேலை தொடங்கியபோது தெருவே இடம் மாறியிருந்தது. கடலிலிருந்து விலக்கி மேற்கே கட்டிக் கொடுத்த குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. மீன் காயப்போட இடம் இல்லை. மாடிப்படிச் சுவரில் சென்னாகுனி என்கிற பொடி இறாலைப் பரப்பி, காக்காய்க்குப் பழைய வலைத்துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். பூங்கொடி கையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாகப் போனாள். எல்லோரும் பேசினார்கள். இரண்டு வருஷத்துக்கு மேலாக வந்தவர் போனவருக்கெல்லாம் பேசிப் பேசி அவர்களுக்குப் பழகியிருந்தது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் பிள்ளையின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஒருத்தி பாதியில் நிறுத்தி, அழுகிறதையும் இது பிடிக்குமா என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

குஞ்சம்மா மட்டும் உட்காரவில்லை. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, பூங்கொடிக்கு அத்தை. விடியும்போதே கரைக்குப் போய் மீன் எடுத்து, பேருந்தின் பின்படியில் அலுமினியக் கூடையை ஏற்றி நெரவிக்குப் போய்விடுவாள். பேச வேண்டுமானால் கூட வா என்றாள். நடவு முடிந்து வயலெல்லாம் பச்சையாக நின்ற நாள். வாய்க்கால் ஓரமாகக் குஞ்சம்மா முன்னே நடக்க, பூங்கொடி பின்னால் போனாள். ஒவ்வொரு வாசலிலும் கூடையை இறக்கி, செவுளைத் தூக்கிக் காட்டி, காசு பேசி, செதிள் உரசிக் கொடுத்து, மறுபடி தூக்கினாள். இரண்டு தெரு முடிந்ததும் புளியமர நிழலில் தூக்குவாளியைத் திறந்து, பழைய சோற்றையும் வறுத்த மத்தியையும் பாதி பாதியாகப் பகிர்ந்தாள்.

"எத்தன பேருக்குடி சொல்றது. டிவிக்காரன் வந்தான், வெள்ளக்காரன் வந்தான், படகு குடுக்குறேன்னு ஒருத்தன் வந்தான். சொல்லச் சொல்ல எனக்கே கத மாரி ஆயிப்போச்சு. நீயும் அங்கதான இருந்த. ஒனக்கு என்னத்த சொல்ல?"

"பதிவு பண்ணணும் அத்த. அதான் வேல."

"சரி, அமுக்கு."

அமுக்கினாள். குஞ்சம்மா, கடல் முதலில் உள்வாங்கியதையும், மீன் துள்ளுவதைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடியதையும், பிறகு கறுப்பாக ஒரு சுவர் எழும்பியதையும் சொன்னாள். எங்கும் தடுக்காத குரலில் சொல்லி முடித்தாள். கருவி நின்றதா என்று கேட்டுக்கொண்டு, சோற்றுக் கையோடு பூங்கொடியைப் பார்த்தாள்.

"அஞ்சுகம் சேல சமாச்சாரம் நான் சொல்லல, பாத்தியா. எவனுக்கும் சொன்னதில்ல. வெட்டிப் போட்டாலும் சொல்ல மாட்டேன்."

"தெரியும் அத்த."

அது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்தது. அன்று காலை பூங்கொடி மாவு அரைக்க டவுனுக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். திரும்பி வந்து தேடியதில், கழிமுகத்துக்குப் பின்னால் கருவேல முள்ளுக்குள் அம்மா கிடந்தாள். உடம்பில் பொட்டுத் துணி இல்லை. அலை இழுத்துக்கொண்டு போனதில் பாதி, முள் கிழித்ததில் பாதி. பூங்கொடி தன் துப்பட்டாவைப் போட்டு மூடிவிட்டு, வருகிற ஆண்களைப் பார்த்து அந்தப் பக்கம் போகச் சொல்லிக் கத்திக்கொண்டே நின்றாள். குஞ்சம்மா ஓடிப்போய், தண்ணீர் முழங்கால் அளவோடு நின்ற தன் வீட்டுப் பரணிலிருந்து, மகன் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையைக் கொண்டுவந்தாள். இருவருமாக முள்ளெடுத்து, மண் துடைத்துக் கட்டிவிட்டார்கள். பிற்பகலில் அப்பாவும் தம்பியும் கரை சேர்ந்தபோது அஞ்சுகம் பச்சைச் சேலையில் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கிடந்தாள்.

பூங்கொடி எழுதி அனுப்பிய அரையாண்டு அறிக்கையை ஓரேலி பாராட்டினாள். பாராட்டிவிட்டு, ஊர் பேசுகிறது, உங்கள் வீடு பேசவில்லையே என்று எழுதினாள். இந்தக் கரையில் பிறந்த ஒருத்தியே செய்வதுதான் இந்த ஆய்வின் மதிப்பு. சொந்த அனுபவம் இல்லாமல் இறுதி அறிக்கையைக் குழு ஏற்குமா என்று தெரியவில்லை.

ஐப்பசி மழையில் படகுகள் ஆற்றுக்குள் கட்டிக் கிடந்தன. மணிவேல் கரையில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து, கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி கிழிசலை அடைத்துக்கொண்டிருந்தார். பூங்கொடி டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரே கேட்டார்.

"என்ன, என்னையும் கேக்கணுமா?"

"ஆமாப்பா."

"ஒங்கம்மா எப்படிச் செத்தான்னா?"

அவள் டீயை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"நான் கடல்ல இருந்தேன். எனக்கு என்ன தெரியும். அவ எப்படி இருந்தான்னு கேளு, சொல்றேன்."

அன்று மழை விடும்வரைக்கும் பேசினார். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். கல்யாணமாகி வந்த புதிதில் அஞ்சுகத்துக்கு மீன் கவிச்சி ஆகாமல் ஒரு மாதம் வாந்தி எடுத்ததைச் சொன்னார். அப்படிப்பட்டவள் பிறகு ஏலத்தில் நின்றால், வியாபாரிகள் அவள் புருவத்தைப் பார்த்துத்தான் விலை ஏற்றுவார்கள். ஒரு மாங்கனித் திருவிழாவில் பக்தர்கள் மாடிகளிலிருந்து இறைத்த மாம்பழங்களைப் பிடிக்க இவரைத் தள்ளிவிட்டு முன்னால் ஓடினாள். மடி நிறையப் பிடித்துவந்து, ஒன்றுகூட இவருக்குத் தராமல் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். சண்டை வந்தால் பேசமாட்டாள். குழம்பில் உப்பைக் கூட்டிவிடுவாள். உப்பை வைத்து எத்தனை கோபம் என்று தெரிந்துகொள்வேன் என்று சொல்லி மணிவேல் சிரித்தார். மூன்று வருஷத்தில் அவர் சிரித்ததை அன்றுதான் பூங்கொடி பார்த்தாள்.

அதை வரிக்கு வரி எழுதி, மொழிபெயர்த்து அனுப்பினாள். அழகாக இருக்கிறது என்று ஓரேலி பதில் எழுதினாள். ஆனால் இது குடும்ப வாழ்க்கையைப் பற்றியது, நம் திட்டம் பேரழிவைப் பற்றியது. தந்தை அங்கே இல்லை. நீங்கள் இருந்தீர்கள். நீங்கள் ஏன் எழுதக்கூடாது? கட்டாயம் இல்லை என்றும் அதே கடிதத்தில் இருந்தது. அதற்கு அடுத்த வரியில், பிரான்ஸ் பயணத்துக்கான முடிவை அறிக்கை வந்தபின் எடுப்போம் என்று இருந்தது.

பூங்கொடி விடுதி அறையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதினாள். ஆங்கிலத்தில் அது வேறு யாருடைய அம்மாவோ போல இருந்தது. முள்ளை எழுதினாள். துப்பட்டாவை எழுதினாள். ஆண்களைப் போகச் சொல்லிக் கத்தியதை, பச்சைச் சேலையை, எல்லாவற்றையும் எழுதினாள். எழுதி முடித்தபோது, நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. தெருவில் யார் இங்கிலீஷ் படிக்கப்போகிறார்கள் என்றும் தோன்றியது. அறிக்கை உடனே ஏற்கப்பட்டது.

மூன்றாம் வருஷ நினைவு நாளில் காரைக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் அறக்கட்டளை விழா வைத்தது. எல்லாக் கரைகளின் அறிக்கைகளையும் சேர்த்துத் தமிழிலும் புத்தகமாகப் போட்டிருந்தார்கள். தமிழிலும் வருகிறது என்பது பூங்கொடிக்கு மேடையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. குடியிருப்பிலிருந்து வேன் வைத்து ஆட்களைக் கூட்டிவந்திருந்தார்கள். மணிவேல் முன்வரிசையில், விழாவுக்காக மகன் வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் இருந்தார். பக்கத்தில் கவியரசன். அதற்கடுத்துக் குஞ்சம்மா. ஆய்வாளரின் தந்தைக்குப் பொன்னாடை போர்த்துவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது.

முதலில் மௌனம். பிறகு பேச்சு. அதன் பிறகு, புத்தகத்தின் மிகச் சிறந்த பக்கத்தை வாசிப்பதாக அறிவித்துக்கொண்டு தமிழாசிரியர் ஒருவர் மைக்குக்கு வந்தார். நல்ல குரல் அவருக்கு. முதல் வரியிலேயே பூங்கொடிக்குத் தெரிந்துவிட்டது. மைக் அவள் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. எழுந்து போய், வேண்டாம் சார் என்று காதில் சொன்னால் போதும். ஓரேலி கண்களை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பயணச் சீட்டு போட்டாயிற்று. அவர் அந்த இடத்துக்கு வருமுன் நிறுத்திவிடுவார் என்று பூங்கொடி நினைத்தாள். அவர் நிறுத்தவில்லை. ஆங்கிலத்தில் அவள் எழுதிய சின்னச் சொல், "என் தாய் நிர்வாணமாகக் கிடந்தாள்" என்று நல்ல தமிழில், ஒலிபெருக்கியில் மண்டபம் முழுவதும் கேட்டது.

குஞ்சம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். கவியரசன் தலையைக் குனிந்துகொண்டான். மணிவேல் அசையவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது மேடைக்கு ஏறி வந்து, பொன்னாடையை வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் கும்பிடு போட்டார். மகளுக்கும் சேர்த்துத்தான் போட்டார். இறங்கி, வேனுக்கு நிற்காமல் தூறலில் நடந்து போனார்.

பூங்கொடி சாப்பாட்டுக்கு இருக்காமல் வீட்டுக்கு வந்தாள். அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தரையில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். காலையில் அவள் வைத்த நெத்திலிக் குழம்பு. சோற்றைப் பிசைந்து வைத்திருந்தார். வாயில் வைக்கவில்லை. அப்பா என்றாள்.

"அன்னிக்கு நான் வந்து பாக்குறப்ப அவ மேல யாரோட சேலையோ இருந்துச்சு," என்றார் மணிவேல். குரல் உயரவே இல்லை. "என் பொண்டாட்டி கிட்ட என்னென்ன சேல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? நான் கேட்டனா? மூணு வருஷம் கேட்டனா?"

"இல்லப்பா."

"பாத்ததுமே எனக்கு வெளங்கிடுச்சு. எம் மவ இருந்திருக்கா, மானமா வச்சிருக்கான்னு நெனச்சேன். அத நெனச்சுதான் மறுபடி கடலுக்குப் போனேன்." தட்டைத் தள்ளிவைத்தார். "ஊருக்கும் தெரிஞ்சிருக்கும். ஒருத்தன் பேசல. மீன் புடிக்கிறவன் அத்தன பேரும் வாய மூடிக்கிட்டு இருந்தான்."

கைகழுவ எழுந்தார். கொல்லைக் கதவருகே நின்று, திரும்பாமலே சொன்னார்.

"போய்ப் படி. ஒன் அம்மா ஆசப்பட்டா."

பிப்ரவரியில் பூங்கொடி பிரான்ஸுக்குப் போனாள். காப்பகத்தில் அவள் கேட்ட கட்டுகளை எல்லாம் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். வாசிப்பு அறை சத்தமில்லாமல், வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். மூன்றாம் வாரத்தில் ஒரு கப்பல் மருத்துவரின் குறிப்புக் கிடைத்தது. காரைக்காலில் ஏறிய ஒரு பெண் நடுக்கடலில் காய்ச்சலில் செத்துப்போயிருந்தாள். ஊர் நெரவி என்று இருந்தது. பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார்கள். கடலில் இறக்குமுன் மருத்துவர் அவள் உடம்பைச் சோதித்து, கண்டதை எல்லாம் ஒரு பக்கத்துக்கு வர்ணித்திருந்தார். எந்த இடத்தில் என்ன தழும்பு, எது புதிது, எது பழையது, பிள்ளை பெற்ற உடம்பா இல்லையா என்பதுவரை இருந்தது. பூங்கொடி பென்சிலைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே இலையில்லாத மரங்களைப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, ஒரு சொல் விடாமல் முழுவதையும் நகல் எடுத்துக்கொண்டாள்.

ஆய்வேட்டிலேயே அதுதான் உயிரான இடம் என்றார் செல்லையன். பட்டம் வந்தது. அடுத்த வருஷமே வெளியூரில் ஒரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது. தீபாவளிக்குப் போனாள். அப்பா வா என்றார், சாப்பிடு என்றார். குஞ்சம்மா அவள் வந்திருப்பது தெரிந்தும் எட்டிப் பார்க்கவில்லை. வழியில் பார்த்தபோது கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டே, "நல்லாருக்கீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனாள். பிறந்ததிலிருந்து வாடி போடி என்று கூப்பிட்டவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்கொடி கவியரசனின் கைபேசிக்குப் பேசுவாள். அவன் வலை, டீசல் விலை எல்லாம் சொல்வான். அப்பா எங்கே என்றால், கடலுக்குப் போயிருக்கிறார் என்பான். அதே படகில் போகிற தம்பி கரையில் இருந்து சொல்வான். அவளும் நம்பியதுபோலக் கேட்டுக்கொள்வாள்.

இரண்டாயிரத்துப் பத்து மே மாதம். மீன்கள் இனம் பெருகட்டும் என்று அரசாங்கம் விசைப்படகுகளைக் கடலுக்குள் விடாத தடைக்காலம். அந்தக் கரையில் எல்லாப் படகுகளும் ஆற்றில் கட்டிக் கிடந்தன. ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். பூங்கொடி கூப்பிட்டபோது பின்னணியில் டிவி ஓடுகிற சத்தமும், யாரோ இருமுகிற சத்தமும் கேட்டன. அந்த இருமலை அவளுக்குத் தெரியும்.

"அப்பா இருக்காராடா?"

டிவிச் சத்தம் குறைந்தது.

"கடலுக்குப் போயிருக்காருக்கா."

"சரி," என்றாள் பூங்கொடி.